கக்கூஸ் அடைத்துக்கொண்டால் அது யார் வேலை?



இந்த முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது யாரும் மேடையில் பேசாத விஷயம். பேச்சை எடுத்தாலே சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், சிலர் சிரிப்பார்கள். ஆனால் விடியற்காலையில் பெரட்டுக்கு ஓட வேண்டிய வீட்டிலே, ஊற்றின தண்ணீர் இறங்காமல் கக்கூஸ் விளிம்பு வரைக்கும் நின்றுகொண்டிருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் சிரிப்பு வராது. வீட்டில் ஆறு பேர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு, வயதான மாமியார் ஒருவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த நிலையில் இரண்டு பேச்சு கேட்கும். ஆபீஸில் போய்ச் சொன்னால், "நீங்க கண்டதையும் உள்ளே போடுறீங்க, அப்புறம் அடைக்காம என்ன செய்யும்?" என்பார்கள். லயத்தில் கேட்டால், "வீடு தோட்டத்து வீடு, கக்கூஸும் தோட்டத்துக் கக்கூஸ். அவங்க வந்து பாக்கட்டும், நாம ஏன் கைய வைக்கணும்?" என்பார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே வாரங்கள் ஓடிவிடும். அடைப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

என் அபிப்பிராயத்தில் இரண்டு பேச்சுமே பாதி நியாயம், பாதி சாக்கு. சட்டிக்குள்ளும் அதன் வளைவுக்குள்ளும் நிற்கிற அடைப்பு பெரும்பாலும் நாம் உண்டாக்கியது. அதை அரை மணி நேரத்தில் நாமே எடுக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம், மண்ணுக்குள் போகிற குழாயிலும் செப்டிக் டேங்கிலும் வருகிற கோளாறு நிர்வாகத்தின் பொறுப்பு. அதை நாம் வாளியும் குச்சியும் வைத்துக்கொண்டு சரிசெய்ய முடியாது, செய்யவும் கூடாது. அடைப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவன் நேரத்தையும் மிச்சம் பிடிப்பான், ஆபீஸிலும் தலை நிமிர்ந்து பேசுவான். அதைக் கற்றுக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

இது ஏன் சுகாதார விஷயம்?

கக்கூஸ் அடைத்தால் முதலில் கஷ்டப்படுகிறவர்கள் பெண்களும் பிள்ளைகளும். ஆம்பிளைகள் செம்பனைக்குள் ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் அடக்கிக்கொள்வார்கள். அடக்குவதற்காகத் தண்ணீரே குடிக்காமல் வேலைக்குப் போவார்கள். வெயிலில் வேலை செய்கிற உடம்புக்குத் தண்ணீர் குறைந்தால் தலைசுற்றல், நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதையில் கிருமி எல்லாம் வரிசையாக வந்து சேரும். பிறகு கிளினிக், மருந்து, அரைநாள் சம்பளம் நஷ்டம்.

பிள்ளைகள் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கிருந்துதான் கொக்கிப்புழு கிளம்புகிறது. மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை பொரித்து, அந்தப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் ஏறி, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. பழைய காலத்துத் தோட்டங்களில் எத்தனையோ பேரைச் சோகை பிடித்து வெளுக்க வைத்த நோய் அது. டைபாய்டு, காலரா, ஒரு வகை மஞ்சள் காமாலை ஆகியவையும் மலத்திலிருந்து கை வழியாகவும் ஈ வழியாகவும் தண்ணீர் வழியாகவும் வாய்க்கு வருகிறவைதாம். தேங்கி நிற்கும் அழுக்குத் தண்ணீரிலும் மூடி உடைந்த செப்டிக் டேங்கிலும் கியூலெக்ஸ் கொசு பெருகும். எலி வந்து போகிற இடமென்றால் அதன் மூத்திரத்தால் எலிக்காய்ச்சலும் வரலாம். ஆகவே இது மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிற விஷயமல்ல.

சட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது?

குந்துகிற கக்கூஸோ, உட்காருகிற கக்கூஸோ, இரண்டிலும் சட்டிக்குக் கீழே வாத்துக் கழுத்து மாதிரி ஒரு வளைவு உண்டு. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் பூட்டு. குழாயின் நாற்றமும் பூச்சியும் வீட்டுக்குள் ஏறாமல் அந்தத் தண்ணீர் தடுக்கிறது. இப்படி வளைத்த குழாயோடு கூடிய கக்கூஸுக்கு 1775ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். இருநூற்றைம்பது வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை.

நாற்றத்தைத் தடுக்கிற அதே வளைவில்தான் துணியும் பேடும் பிரஷும் போய் மாட்டிக்கொள்கின்றன. வளைவைத் தாண்டினால் குழாய், குழாய் வழியில் ஒரு சின்ன மேன்ஹோல், அதற்கப்புறம் செப்டிக் டேங்கு. டேங்கில் கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெய்ப்பசை மேலே ஆடையாக மிதக்கும், நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் வெளியே போகும். கசடு வருஷக் கணக்கில் எடுக்காமல் ஏறிக்கொண்டே போனால் தண்ணீருக்கு இடமில்லாமல் போய், குழாய் பின்னோக்கி நிரம்பும். அப்போது சட்டியிலும் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும்.

எங்கே அடைப்பு என்று பாருங்கள்

அவசரப்பட்டு வாளி வாளியாக ஊற்றாதீர்கள். நிரம்பி வழிந்தால் வீடெல்லாம் அசுத்தமாகும். முதலில் நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, பக்கத்து வீட்டைக் கேளுங்கள். "அக்கா, உங்க வீட்ல தண்ணி இறங்குதா?" என்ற ஒரு கேள்வி போதும். உங்கள் வீட்டில் மட்டும் அடைப்பு என்றால் கோளாறு உங்கள் சட்டியிலோ உங்கள் குழாயிலோ இருக்கிறது. மூன்று நான்கு வீட்டிலும் ஒரே சமயத்தில் இறங்கவில்லை என்றால் பொதுக் குழாயோ டேங்கோ நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே உங்கள் பம்பு பலிக்காது.

இரண்டு, மழையோடு சேர்த்துக் கவனியுங்கள். வெயில் நாளில் நன்றாக இறங்கி, மழை நாளில் மட்டும் நின்றுபோனால் டேங்குத் தண்ணீர் போகிற இடம் மழைத் தண்ணீரால் நிரம்பிவிடுகிறது என்று எண்ணலாம்.

மூன்று, சத்தத்தைக் கேளுங்கள். ஊற்றும்போது "குளுக் குளுக்" என்று சத்தம் வந்து, வளைவுத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு நாற்றம் ஏறினால், காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம். அல்லது குழாயில் கீழே எங்கோ பாதி அடைப்பு இருக்கலாம்.

நான்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன மேன்ஹோலைப் பாருங்கள். மூடி இலேசானதாக இருந்தால் பெரியவர் ஒருவர் ஓரத்தைத் தூக்கி, தள்ளி நின்று எட்டிப் பார்க்கலாம். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம், முகத்தைக் கிட்டே கொண்டுபோகவும் வேண்டாம். சட்டி நிறைந்திருக்க, மேன்ஹோல் காய்ந்து கிடந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவே. மேன்ஹோலும் தளும்பி நின்றால் அடைப்பு அதற்கும் அப்பால். மூடி கனமான கான்கிரீட் என்றால் தொடாதீர்கள், அது நிர்வாகத்து ஆள் வேலை.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். நம் தோட்டத்து வீடுகள் பலவற்றில் குளிக்கிற தண்ணீரும் சமையல்கட்டுத் தண்ணீரும் நேரே திறந்த சாக்கடைக்குப் போகும், கக்கூஸ் மட்டும்தான் டேங்குக்குப் போகும். ஆகவே "குளியலறை தண்ணி போகுதே, டேங்கு சரியாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டிவிட முடியாது.

நாமே செய்யக்கூடியது

அடைப்பு நம் சட்டியில்தான் என்று தெரிந்தால் கீழ்க்கண்டபடி செய்யலாம். கைக்கு ரப்பர் கையுறை, காலுக்கு பூட்ஸ், ஜன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். கை நகத்தோரம் புண் இருந்தால் வேறு ஆளைச் செய்யச் சொல்லுங்கள்.

முதல் படி சோப்பும் வெந்நீரும். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் அரைக் கப் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கை பொறுக்கிற சூட்டில் ஒரு வாளி வெந்நீரை இடுப்பு உயரத்திலிருந்து சீராக ஊற்றுங்கள். சட்டியில் இடம் இல்லையென்றால் முதலில் கொஞ்சம் மொண்டு எடுத்துவிடுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது. பீங்கான் வெடிக்கும், பிளாஸ்டிக் குழாய் இளகும். மலமும் காகிதமும்தான் அடைப்பு என்றால் பல சமயம் இதிலேயே இறங்கிவிடும்.

இரண்டாம் படி ரப்பர் பம்பு. ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். பம்பின் கிண்ணம் மூழ்குகிற அளவு சட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும், காற்றை அழுத்தினால் பலனில்லை. ஓட்டையை முழுக்க மூடி வைத்து, முதல் அழுத்தலை மெதுவாகக் கொடுங்கள். பிறகு மேலும் கீழுமாக இருபது தரம். தள்ளுவதைப் போலவே இழுப்பதும் முக்கியம். மாட்டிக்கொண்ட பொருள் அசைந்து கொடுப்பது முன்னும் பின்னும் ஆட்டும்போதுதான். பம்பு இல்லாத வீட்டில், குந்துகிற கக்கூஸ் என்றால், பழைய துடைப்பக் கட்டையின் நுனியில் துணியை உருண்டையாகச் சுற்றி, பிளாஸ்டிக் பையால் மூடி, சைக்கிள் டியூபால் இறுகக் கட்டி அதையே பம்பாக ஆக்கிக்கொள்ளலாம். கட்டு அவிழ்ந்து துணி உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது இரண்டாவது அடைப்பாகிவிடும்.

மூன்றாம் படி சுருள் கம்பி. வளைந்து கொடுக்கிற ஸ்பிரிங் கம்பியை மெல்ல விட்டு, தடுக்கிற இடத்தில் திருகித் திருகி இழுங்கள். துணியோ பேடோ மாட்டினால் வெளியே வரும். கடப்பாரை, இரும்புக் கம்பி, பாரங்கிப் பிடி என்று எதையாவது விட்டுக் குத்தாதீர்கள். வளைவு உடைந்தால் தரையைக் கொத்தித்தான் சரிசெய்ய வேண்டி வரும்.

சரியானதும் அரை வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றிப் பாருங்கள். சட்டென்று சுழன்று இறங்கினால் முடிந்தது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு கொஞ்சம் குளோராக்ஸ் கலந்த தண்ணீரால் துடைத்துவிடுங்கள். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள், சோற்றில் கை வைக்காதீர்கள்.

மூன்று படியும் செய்து பார்த்து இறங்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் அது உங்கள் வேலை இல்லை.

உயிருக்கு வினையாகும் காரியங்கள்

கக்கூஸ் ஆசிட்டையும் குளோராக்ஸ் போன்ற வெளுப்பு மருந்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். சின்ன, மூடிய கக்கூஸில் அது நெஞ்சை அடைத்துவிடும். அப்படி நேர்ந்தால் எதையும் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிட வேண்டும். மூச்சுத் திணறல் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

அடைப்பு எடுக்கிற காரத் தூளும் விளையாட்டுச் சாமான் இல்லை. தண்ணீர் பட்டதும் கொதிக்கிற மாதிரி சூடாகும். துணியையும் பேடையும் அது கரைக்காது. தூளைப் போட்டும் இறங்கவில்லையே என்று அதன் மேல் பம்பைப் போட்டால் காரத் தண்ணீர் கண்ணில் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. செப்டிக் டேங்குக்குள் யாரும் இறங்கக் கூடாது. இருபது வெள்ளி தருகிறேன் என்றாலும் கூடாது, இருநூறு வெள்ளி தருகிறேன் என்றாலும் கூடாது. டேங்குக்குள் பிராணவாயு குறைவாக இருக்கும். அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயு அங்கே தேங்கி நிற்கும். அது அதிகமானால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். "இப்ப நாத்தம் இல்லையே" என்று நினைக்கிற நேரத்தில் ஆள் மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்குகிற அண்ணனும் விழுவான், அடுத்தவனும் விழுவான். ஒரு குழியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காமல் 999க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாம் இறங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டு, பக்கத்து லயத்தில் இருக்கிற பங்களாதேஷ்காரரையோ இந்தோனேசியரையோ இறக்கிவிடுகிற பழக்கத்தை எந்தத் தோட்டத்திலும் அனுமதிக்கக் கூடாது. அவருக்கும் ஊரில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.

நம் பக்கத்துத் தவறு

"நீங்க கண்டதையும் போடுறீங்க" என்ற பேச்சு கோபத்தைக் கொடுத்தாலும், அதிலுள்ள நியாயத்தை மறைக்க வேண்டாம். பேடும் பேம்பர்ஸும் தண்ணீரில் கரையாது, ஊதும். ஈரத் துடைப்பான் என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அதுவும் கரையாது. சோறு, எண்ணெய், தலைமுடி, சிகரெட் துண்டு, மீன் செதில் எதுவுமே கக்கூஸுக்கு உரியதல்ல. கக்கூஸில் மூடி போட்ட ஒரு குப்பை வாளி வைத்துவிட்டால் பாதி அடைப்பு வராது. வயசுப் பெண்கள் உள்ள வீட்டில் அந்த வாளி அவசியம். வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைகள் பேடை உள்ளே போடுவதற்குக் காரணம், வேறு இடம் நாம் வைக்காததுதான்.

தண்ணீர் ஊற்றுகிற விதமும் முக்கியம். சின்னக் கப்பால் பத்துத் தரம் ஊற்றினால் மலம் குழாயில் பாதி வழியில் தங்கிவிடும். அரை வாளியை ஒரே தரமாக ஊற்றினால் அந்த வேகம் மேன்ஹோல் வரை தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் வராத நாட்களில் குளித்த தண்ணீர், துணி அலசின தண்ணீர் இவற்றைச் சேர்த்து வைத்து ஊற்றலாம்.

இந்த வேலையை யார் செய்வது? பல வீடுகளில் மருமகள் தலையில்தான் விழுகிறது. "எனக்குக் குமட்டுது" என்று சொல்லிவிட்டு ஆண்கள் வெளியே போய்விடுகிறார்கள். பெண்ணுக்கும் குமட்டத்தான் செய்யும். பம்பு அழுத்தக் கைப்பலம் வேண்டும், அந்தப் பலம் யாரிடம் இருக்கிறதோ அவர் செய்யட்டும். கக்கூஸ் கழுவுவது இன்னார் வேலை என்று பிறப்பைப் பார்த்து ஒதுக்கி வைத்த காலத்தின் மிச்சம் நம் மனதில் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், அதையும் இதோடு கழுவிவிடுவோம்.

நிர்வாகத்தின் பங்கு

இனி அடுத்த பக்கத்துக்கு வருவோம். நம் நாட்டில் தோட்டத்து வீடுகளுக்குச் சட்டம் இருக்கிறது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் தீபகற்பத்தில் அமலாகிறது. முதலாளி கொடுக்கிற வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும், போதிய குழாய்த் தண்ணீர் கொடுப்பதும் முதலாளியின் கடமை என்கிறது அந்தச் சட்டம். டேங்கு நிரம்பி மூன்று வீட்டுக் கக்கூஸ் நிற்பது வீட்டின் பழுதுதான். அதைச் சரிசெய்யச் சொல்வது தயவு கேட்பது ஆகாது.

செப்டிக் டேங்கில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரமாவது கசடு எடுக்க வேண்டும் என்பது நம் நாட்டில் சொல்லப்படுகிற கணக்கு. உங்கள் லயத்து டேங்கில் கடைசியாக லாரி வந்து கசடு எடுத்தது எந்த வருஷம்? லயத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை என்றால், ஆபீஸில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானில் குடியிருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். வீடு சொந்தம், டேங்கும் சொந்தம் என்றால் கசடு எடுக்க ஏற்பாடு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. அடுக்குமாடி வீடுகளில் பொதுக் குழாய் அடைத்தால் அது நிர்வாகக் குழுவின் வேலை. கீழ்வீட்டுக்காரர் தலையில் அதைக் கட்டக்கூடாது.

புகாரைச் சொல்கிற விதம் ஒன்று உண்டு. பெரட்டில் மண்டோரிடம் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். ஒரு தாளில் எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வீட்டு நம்பர், எத்தனை ஆள், பம்பு போட்டுப் பார்த்தும் இறங்கவில்லை, மேன்ஹோல் நிரம்பி நிற்கிறது, கடைசியாகக் கசடு எடுத்த வருஷம் தெரியவில்லை என்று எழுதி, பாதிக்கப்பட்ட எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டு ஆபீஸில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கைப்போனில் படமும் எடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் அசைவு இல்லை என்றால் அந்த நகலைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். அங்கிருந்து தொழிலாளர் இலாகாவுக்கும் மாவட்டச் சுகாதார இலாகாவுக்கும் கொண்டுபோகலாம்.

"நாங்க எங்க பக்கத்துல செய்ய வேண்டியத செஞ்சிட்டோம்" என்று சொல்லக்கூடியவருக்கு ஆபீஸில் பதில் சொல்லியே ஆக வேண்டும். குப்பை வாளி வைக்காமல், பம்பு போட்டுப் பார்க்காமல் போய் நிற்பவரை அவர்கள் இரண்டு வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்தில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரு ரப்பர் பம்பு வாங்கிப் பொதுவில் வையுங்கள். யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியட்டும். அன்றைக்கே டேங்கு மூடி உடைந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள். உடைந்திருந்தால் திங்கட்கிழமை அந்தக் கடிதம் ஆபீஸுக்குப் போகட்டும். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் உடைந்த மூடி ஒரு நாள் கூட இருக்கக் கூடாது.